மாங்காவும் மாங்காவும் ஒன்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லூரில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வைகைக் கரையில் நின்றிருந்தேன். கூட்டம் கொஞ்சம் கலைந்த நேரம். கூடையில் கிளிமூக்கு மாங்காய் வைத்திருந்த ஒரு அம்மா, காயை உள்ளங்கையில் நிறுத்தி, கத்தியால் கொட்டை வரைக்கும் நெடுக நெடுகக் கீறினார். அடியைப் பிடித்து லேசாகத் திருகியதும் காய் பூ மாதிரி விரிந்தது. இடுக்கில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தார். எட்டாவது படிக்கிற பிள்ளை ஒரு கையில் அதையும் மறு கையில் போனையும் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, நான் திங்கிறதும் மாங்கா, படிக்கிறதும் மாங்கா. ரெண்டும் ஒரே வார்த்தையா?"

போனில் அவள் படித்துக்கொண்டிருந்தது ஜப்பானியப் படக்கதை. அதற்கும் பெயர் மாங்காதான். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு டியூஷன் பிள்ளைகள், டீக்கடை, குடும்ப வாட்ஸ்அப் குழு என்று பரவி, இன்றுவரை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஜப்பான் மாங்காவும் நம்ம மாங்காவும் ஒரே சொல்லா, இல்லையா?

இல்லை. இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது.

ஜப்பானியச் சொல்லில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. 'மன்' என்றால் கட்டுப்பாடில்லாமல், மனம் போன போக்கில். 'க' என்றால் படம். மனம் போன போக்கில் வரைந்த படங்கள் என்பது பொருள். இரண்டு துண்டுமே சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனவை. அதே எழுத்துகளைச் சீனர் 'மன்ஹுவா' என்றும், கொரியர் 'மன்ஹ்வா' என்றும் படிக்கிறார்கள். மூன்றும் படக்கதையையே குறிக்கும். ஓவியர் ஹொகுசாய் 'ஹொகுசாய் மங்கா' என்ற பெயரில் தன் படத்தொகுப்பின் முதல் பாகத்தை வெளியிட்டது 1814இல்.

ஒலியையும் கவனியுங்கள். நம் மாங்காவில் முன்னும் பின்னும் நெடில். ஜப்பானியச் சொல்லில் இரண்டுமே குறில். நமக்கு இழுத்துச் சொல்லிப் பழகிவிட்டதால் இரண்டும் ஒன்றாகக் காதில் விழுகின்றன.

ஜப்பானில் நம் சொல்லுக்கு உறவுக்காரர் இல்லாமலும் இல்லை. அங்கே பழக்கடையில் மாம்பழத்துக்கு 'மங்கோ' என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆங்கிலம் வழியாகப் போன அந்தச் சொல்தான் நம்முடையது. புத்தகக்கடையில் தேடுகிறோம், அது பழக்கடையில் இருக்கிறது.

அப்படியென்றால் ஆங்கில 'மேங்கோ' மட்டும் தமிழ்ச் சொல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதுவும் ஒலி ஒற்றுமைதானே?

நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதற்குப் பதில் 'ங்' என்ற ஒரே ஒரு எழுத்தில் இருக்கிறது.

மரத்தின் பெயர் 'மா'. அதில் 'ங்' கிடையாது. 'காய்' என்ற சொல்லிலும் கிடையாது. இரண்டும் சேரும்போதுதான் நடுவில் ஒரு 'ங்' முளைக்கிறது: மாங்காய். ஏன்? சில மரப்பெயர்களுக்குப் பின்னால் வல்லின எழுத்து வந்தால், அந்த வல்லினத்துக்கு இனமான மெல்லினம் இடையில் தோன்றும். நன்னூலில் பவணந்தியார் 'மரப்பெயர் முன்னர் இனமெல்லெழுத்து' என்று இதற்குத் தனிச் சூத்திரமே வைத்திருக்கிறார்.

பிள்ளைகளிடம் சூத்திரத்தை முதலில் சொல்ல மாட்டேன். வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். 'கா' வந்தால் மாங்காய். 'சோ' வந்தால் மாஞ்சோலை. 'தோ' வந்தால் மாந்தோப்பு. 'ப' வந்தால் மாம்பழம். க-வுக்கு ங், ச-வுக்கு ஞ், த-வுக்கு ந், ப-வுக்கு ம். இப்போது மரம் என்று சேருங்கள்: மாமரம். வடு: மாவடு. இலை: மாவிலை. மெல்லினம் முளைக்கவில்லை, ஏனென்றால் பின்னால் வல்லினம் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாலு வயதுப் பிள்ளைகூட இதைத் தப்பில்லாமல் பேசுகிறது.

இனி வெளிநாட்டுச் சொற்களைப் பாருங்கள். மலாயில் 'மங்கா', போர்ச்சுகீசியத்தில் 'மங்கா', ஆங்கிலத்தில் 'மேங்கோ'. எல்லாவற்றிலும் அந்த 'ங்' உட்கார்ந்திருக்கிறது. நம் புணர்ச்சி விதியில் பிறந்த எழுத்து அது. மா தனி, காய் தனி என்று தெரியாத ஊர்க்காரன் அந்த ஒட்டைத் தானாகப் போட்டிருக்க வழியில்லை. ஒட்டியபடியே வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

1753இல் லின்னேயஸ் இந்த மரத்துக்கு 'மாங்கிஃபெரா இண்டிகா' என்று அறிவியல் பெயர் வைத்தார். 'ஃபெரா' என்றால் லத்தீனில் தருவது, ஏந்துவது. மாங்காய் தரும் மரம். உலகத்துத் தாவரவியல் மாணவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லும்போது நம் 'ங்'-ஐயும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

மா என்றால் மாவு, விலங்கு, பெரிய என்றெல்லாம் அர்த்தம் இருக்கிறதே. அவற்றிலும் 'ங்' வருமா?

வராது. அங்கேதான் தமிழின் நுட்பம் இருக்கிறது. அரிசி மாவில் போடுவது மாக்கோலம். 'மாங்கோலம்' என்று எந்த வாசலிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய என்ற பொருளில் வந்தால் மாநகர், மாகடல், மாமதுரை. காதில் ஒரே மாதிரி விழுந்தாலும் பக்கத்துச் சொல்லோடு கைகோக்கும் விதத்தில் அது எந்த மா என்று காட்டிக்கொடுத்துவிடும். தொல்காப்பியரே மாமரத்தையும் விலங்காகிய மாவையும் ஒரே நூற்பாவில் தனித்தனியாகச் சுட்டுகிறார். இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றுதான் பெயர். நிலத்தையும் மாக்கணக்கில் அளந்திருக்கிறோம்.

தமிழிலிருந்து போனதா, மலையாளத்திலிருந்து போனதா? கேரளத்து நண்பர் சண்டைக்கு வருகிறார்.

சண்டை வேண்டாம், அவர் சொல்வதிலும் பலமான நியாயம் இருக்கிறது. போர்ச்சுகீசியரான வாஸ்கோ ட காமா வந்து இறங்கியது 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம். மலையாளத்தில் மாங்காய்க்கு 'மாங்ங' என்று பெயர். நம் 'ங்க' அங்கே 'ங்ங' ஆகும். தேங்காய் 'தேங்ங' ஆவதும் இதே கணக்குத்தான். 1510இல் வெளியான இத்தாலியப் பயணி லுதோவிகோ தி வார்த்தெமாவின் பயணநூலிலேயே 'மங்கா' என்ற சொல் வந்துவிட்டது. அவர் கோழிக்கோட்டைப் பார்த்தவர்.

இன்னொரு வழி கிழக்கே. தமிழ் வணிகர்களோடு மலாய் நாட்டுக்குப் போன சொற்கள் நிறைய. கப்பல் அங்கே 'காபால்', கடை அங்கே 'கெடாய்', மாங்காய் அங்கே 'மங்கா'. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். சொல் அங்கிருந்து அவர்கள் வாயில் ஏறியது என்று சொல்கிறவர்களும் உண்டு.

இரண்டு வழியிலும் மூலம் தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் அந்த ஒட்டுச்சொல்தான். மற்ற அக்கா தங்கைகளிடம் இது இல்லை. கன்னடத்தில் 'மாவினகாயி', தெலுங்கில் 'மாமிடிகாய'. இரண்டிலும் 'ங்' இல்லை பாருங்கள். போர்ச்சுகீசியர் கன்னடக் கரையில் முதலில் மாங்காய் தின்றிருந்தால் இன்று உலகம் வேறு பெயரால் அதைக் கூப்பிட்டிருக்கும்.

கவனிக்க இன்னொன்றும் உண்டு. போனது ஏட்டுத் தமிழ் இல்லை, பேச்சுத் தமிழ். கடைசி 'ய்' எந்த நாட்டுக்கும் போகவில்லை. மாங்கா, தேங்கா என்று சந்தையில் பேசுகிறோமே, அந்த மாங்காதான் கப்பல் ஏறியது. பேச்சு வழக்கைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

போர்ச்சுகீசியத்தில் மங்கா என்றால் சட்டைக்கை என்று ஒருவர் சொன்னார். எது சரி?

இரண்டும் சரி. அந்த மொழியில் மங்கா என்றால் மாங்காய், மாம்பழம். அதே மங்கா என்றால் சட்டையின் கை. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ஆனால் பிறந்த வீடு வேறு வேறு. லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை. அதிலிருந்து 'மனிக்கா', சட்டைக்கை. அது தேய்ந்து மங்கா. இந்தச் சொல் போர்ச்சுகீசியர் இந்தியாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது. நம் ஊர்ச் சொல் பிறகு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஸ்பானிஷில் இன்னும் வேடிக்கை. 'மங்கோ' என்றால் மாம்பழம், வாணலியின் கைப்பிடியும் மங்கோதான். கைப்பிடி லத்தீன் 'மனுஸ்' வழி வந்தது, பழம் நம் வழி வந்தது. அகராதியில் பழத்தையும் பிடியையும் இரண்டு தனிச் சொற்களாகத்தான் போடுவார்கள். நம் மா போலவே.

போர்ச்சுகீசியர் நம்மிடம் வாங்கிக்கொண்டு மட்டும் போகவில்லை. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் கொடுத்த சொற்கள். இன்றைக்கு இவை இல்லாமல் ஒரு வீட்டை நம்மால் விவரிக்க முடியாது.

வேறு எந்தெந்த மொழிகளில் இந்த ஒலி இருக்கிறது?

எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் மாவோரி மொழிச் சொல். அங்கே 'மஙோ' என்றால் சுறாமீன். நடுவில் இருப்பது சுத்தமான 'ங்' ஒலி. 'மாங்கோ' என்று கேட்டு யாராவது தமிழ் என்று குதித்தால், கொஞ்சம் பொறுத்து அதன் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும். ஹவாய் மொழியில் சுறா 'மனோ'. தஹிதியில் 'மஓ', நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துச் சொல்ல வேண்டும். மாவோரியின் 'ங்' ஹவாயில் 'ன்' ஆகிறது, தஹிதியில் தொண்டை அடைப்பாகிறது. இந்த ஒரு சொல்லில் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். மனிதனுக்கு மாவோரியில் 'தஙத்த', ஹவாயில் 'கனக்க', தஹிதியில் 'தஅத்த'. அதே மாற்றம், அதே இடத்தில். உறவு என்றால் இப்படி வரிசையாக ஒத்துவர வேண்டும். நம் பால், பத்து, புலி கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி ஆகிற மாதிரி. ஆகவே மஙோ பசிபிக் தீவுகளின் வீட்டுப் பிள்ளை. மாங்காயோடு அதற்குச் சம்பந்தமில்லை.

சுவாஹிலியில் 'பிலிபிலி மங்கா' என்றால் மிளகு. மங்கா என்பது அங்கே அரபு நாட்டை, குறிப்பாக மஸ்கட் பக்கத்தைக் குறிக்கும் சொல். மஸ்கட்காரன் கொண்டுவந்த காரம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பாதியான பிலிபிலி மட்டும் நம் பக்கத்தது: அரபு, பாரசீகம் வழியாகப் பின்னோக்கிப் போனால் சமஸ்கிருதப் 'பிப்பலி'யில், அதாவது திப்பிலியில் போய் நிற்கும்.

பழைய லத்தீனில் 'மங்கோ' என்றால் சரக்கைப் பளபளப்பாக்கி விற்கும் வியாபாரி, பெரும்பாலும் அடிமை வியாபாரி. ஆங்கிலத்தில் மீன்கடைக்காரரையும் இரும்புக்கடைக்காரரையும் குறிக்கும் 'ஃபிஷ்மாங்கர்', 'அயர்ன்மாங்கர்' என்ற சொற்களின் பின்பாதி அதிலிருந்து வந்தது.

மாங்கனீசு, மங்குஸ்தான்?

மாங்கனீசு கிரேக்க ஊர்ப்பெயரான மக்னீசியாவின் திரிபு. மங்குஸ்தான் மலாய்ச் சொல், பழத்துக்கும் மாவுக்கும் தொடர்பில்லை.

இந்தியில் ஏன் 'ஆம்' என்கிறார்கள்?

அது சமஸ்கிருத 'ஆம்ர' வழி வந்த தனிக் குடும்பம். மராத்தியில் ஆம்பா, சிங்களத்தில் அம்ப. அந்தச் சொல்லும் வீட்டோடு கிடக்கவில்லை. ஈராக்கில் 'அம்பா' என்று ஒரு புளிப்பு மாங்காய் ஊறுகாய் உண்டு, ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். மேற்கே அராபியா, ஆப்பிரிக்கா பக்கம் போனால் ஆம்பாவின் பிள்ளைகள், ஐரோப்பாவிலும் மலாய்த் தீவுகளிலும் மாங்காவின் பிள்ளைகள். ஒரே பழத்துக்கு இரண்டு கப்பல்.

அமெரிக்காவில் குடைமிளகாயை மேங்கோ என்பார்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஒஹாயோ, இண்டியானா போன்ற மாநிலங்களில் வயதானவர்கள் பச்சைக் குடைமிளகாயை மேங்கோ என்று சொல்வது உண்டு. காரணம் ஊறுகாய். கப்பலில் மாதக்கணக்காகப் போகும்போது பழம் அழுகிவிடும், அதனால் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் மாங்காய் ஊறுகாயாகத்தான் போனது. அங்கே பார்த்தவர்கள் மேங்கோ என்றால் ஊறப்போட்ட காய் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு முலாம்பழம், குடைமிளகாய் என்று எதைக் குடைந்து மசாலா அடைத்து ஊறப்போட்டாலும் அதற்கு மேங்கோ என்று பெயர். ஒட்டிய பெயர் கடைசியில் குடைமிளகாயோடு நின்றுவிட்டது.

என் அம்மா மாசி, பங்குனியில் மாவடு போடுவார். காம்பு உடையாமல் பார்த்து வாங்கி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி சேர்த்து ஜாடியில் போட்டுத் தினமும் குலுக்கி வைப்பார். நாலைந்து நாளில் வடு சுருங்கித் தண்ணீர் விட்டிருக்கும். குடைமிளகாய்க் கதையை அவரிடம் சொன்னதும், "அவுங்களும் ஊறுகாயை வச்சுத்தானடா பேரு வச்சிருக்காங்க, தப்பில்லையே" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

கொரியாவில் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள். அதுவுமா தற்செயல்?

தற்செயல் என்பதைவிட, குழந்தையின் வாய் என்று சொல்லலாம். உதட்டைச் சேர்த்துப் பிரித்தாலே வரும் ஒலிகள் ம, ப. குழந்தைக்கு முதலில் வருவது அவைதான். பெற்றவர்கள் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியல் அறிஞர் ரோமன் யாகப்சன் 1960இல் இதைக் கட்டுரையாகவே எழுதினார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. நம் ஊரில் மாமா யார் என்பதைக் காதுகுத்துக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழும் ஜப்பானியமும் உறவு என்று ஜப்பானியர் ஒருவரே சொன்னாரே?

சொன்னார். ஓனோ சுசுமு, 1919 முதல் 2008 வரை வாழ்ந்த பெரிய அறிஞர். தமிழைப் படித்து, நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டு, நம் பொங்கலையும் அவர்கள் தைமாதச் சடங்கையும்கூட அருகருகே வைத்துப் பார்த்தவர். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. அவர் சொன்னதை முழுக்க ஏற்றாலும் படக்கதை மாங்காவுக்கு அது உதவாது. அந்தச் சொல்லின் துண்டுகள் சீனத்திலிருந்து வந்த இரவல். இரவல் சொல்லை வைத்து இரத்த உறவு பேச முடியாது.

வாட்ஸ்அப்பில் 'ஜப்பானியரின் மாங்கா தமிழே' என்று ஒரு செய்தி வந்தபோது எங்கள் குடும்பக் குழுவில் நான் மறுத்தேன். "நீ தமிழ் வாத்தியாரா இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா?" என்று சித்தப்பா கோபப்பட்டார். தமிழ் வாத்தியாராக இருப்பதால்தான் மறுத்தேன் சித்தப்பா. மேங்கோ தமிழ் என்பதற்கு என் கையில் நன்னூல் இருக்கிறது. படக்கதை தமிழ் என்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை நாமே பரப்பினால், நன்னூலைக் காட்டும்போதும் எதிரே இருப்பவர் அதே சிரிப்புச் சிரிப்பார்.

'போடா மாங்கா' என்று திட்டுகிறோமே?

மாங்கா, மாங்கா மடையன் எல்லாம் நம் ஊர் வசவுதான். என் வகுப்பில் அதற்கு அனுமதியில்லை.

சரி, ஜப்பானியப் படக்கதையைத் தமிழில் எப்படி எழுதுவது?

'மங்கா' என்று எழுதுங்கள். முதலெழுத்து குறில் என்பது அவர்கள் ஒலிக்கும் பொருந்தும், படிக்கிறவருக்கும் காய் நினைவுக்கு வராது. பழைய டோக்கியோப் பேச்சில் நடுவில் வரும் 'க'வை மூக்கால் சொல்வார்கள், கிட்டத்தட்ட 'மங்ங' என்று கேட்கும். கேரளத்து நண்பரிடம் இதை மட்டும் சொல்லாதீர்கள், திரும்பவும் ஆரம்பித்துவிடுவார்.

அக்கா மகள் இப்போது தானே ஒரு படக்கதை வரைகிறாள். நத்தம் மாந்தோப்பில் காவலுக்கு இருக்கும் கிழவரும் ஒரு கிளியும்தான் கதை. நோட்டு அட்டையில் 'மங்கா' என்று எழுதி, கீழே சின்னதாக 'மாங்காயைப் பற்றியது' என்று போட்டிருக்கிறாள்.